யார் செய்வது? எந்நாளுக்குள் செய்வது?

குறையொன்றை ஒப்புக்கொண்டு இக்கட்டுரையைத் தொடங்குவதே முறை என்று எண்ணுகிறேன். சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் நடந்தது இது. எங்கள் பங்கைச் சேர்ந்த கைம்பெண் ஒருவர், ஓலைக் கொட்டான் முடைந்து, அதில் வரும் சிறு வருவாயைக் கொண்டு தம் ஒரே மகளைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க வைத்திருந்தார். மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. முதற் கட்டணமாக 6,000 ரூபாயை வெள்ளிக்கிழமைக்குள் கட்டியாக வேண்டும். பங்கின் ஏழையர் நிதியில் பணம் இருந்தது. கொடுக்க எங்களுக்கு மனமும் இருந்தது. பங்குப் பேரவைக் கூட்டத்தின் முடிவில், எல்லாரும் எழுந்து நிற்கும் வேளையில், அச்செய்தி சொல்லப்பட்டது. “கொடுத்துவிடுவோம்” என்று ஒருமனதாகக் கூறினோம். அன்றிரவு செயலர் அதைப் பேரவையின் வாட்ஸ்அப் குழுவிலும் எழுதினார். குழுவில் நாங்கள் 14 பேர். செயலரைத் தவிர்த்த 13 பேரில் 10 பேர் உயர்த்திய கட்டைவிரலையும், இருவர் கூப்பிய கரங்களையும், ஒருவர் ரோசா மலரையும் பதிலாக அனுப்பினோம். கட்டைவிரலை உயர்த்தியவர்களுள் நானும் ஒருவன்.

சனிக்கிழமை காலைத் திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது அத்தாய் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். “பணம் இன்னும் வரவில்லையே, சாமி” என்றார். கேட்பதற்குக் கூசி, இன்று வரும் நாளை வரும் என்று வெள்ளி மாலை வரை காத்திருந்திருக்கிறார். விசாரித்தேன். பொருளர் கொடுத்திருப்பார் என்று செயலர் எண்ணியிருந்தார். நான் கையொப்பமிட்ட சீட்டு வரும் என்று பொருளர் காத்திருந்தார். இருவரும் பார்த்துக்கொள்வார்கள் என்று நான் இருந்துவிட்டேன். கல்லூரிக்கு ஓடினோம். காத்திருப்போர் பட்டியலில் அடுத்திருந்த பிள்ளைக்கு இடம் போய்விட்டது. அப்பெண் ஓராண்டுக்குத் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அத்தாய் எங்களை ஒரு சொல் கடிந்து பேசவில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனையாயிற்று.

அக்கூட்டம் எவ்வளவு நேரம் நடந்தது தெரியுமா? இரண்டரை மணி நேரம்! கொடிமரத்திற்கு எந்த வண்ணம் பூசுவது, திருவிழாவுக்கு ஒலிபெருக்கியை யாரிடம் எடுப்பது என்பவற்றிலேயே பொழுது கழிந்தது. ஒரு பிள்ளையின் படிப்புக்குக் கிடைத்தவை இரண்டே நிமிடங்கள்.

அந்த நாட்களில் எங்கள் பங்கு இளைஞர் ஒருவரைச் சந்தித்தேன். அவர் சென்னையிலுள்ள மென்பொருள் நிறுவனம் ஒன்றின் பணியாளர். 2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில் காரைக்குடிக்குத் திரும்பியவர், இன்றும் பெரும்பாலான நாட்கள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். அவருடைய குழுவில் ஒருவர் கோவையிலும், ஒருவர் புனேயிலும், இன்னொருவர் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். “ஒருவரையொருவர் காணாமலே எப்படித் தம்பி வேலை நடக்கிறது?” என்று கேட்டேன். தம் கணினியைத் திறந்து காட்டினார்.

ஒவ்வொரு பணிக்கும் தனித்தனி உரையாடல் அறை இருந்தது. ஒன்றைப் பற்றிய பேச்சு மற்றொன்றில் கலப்பதில்லை. செய்ய வேண்டிய வேலைகள் ஒரு பலகையில் வரிசையாக நின்றன. ஒவ்வொரு வேலையின் எதிரிலும் ஒரே ஒரு பெயரும் ஒரு நாளும் குறிக்கப்பட்டிருந்தன. கூட்டத்தின் பொருள்கள் முன்னதாகவே ஒரு பொது ஆவணத்தில் எழுதப்பட்டு, எல்லாராலும் படிக்கப்பட்டிருந்தன. எங்கள் கதையை அவரிடம் சொன்னேன். சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: “சாமி, 14 பேருக்குச் சொன்ன வேலை ஒருவருக்கும் சொல்லாத வேலைதான்.”

பிறகு அவரே சிரித்துக்கொண்டு, “எங்கள் அலுவலகத்தைச் சொர்க்கம் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரே செய்தியை மூன்று இடங்களில் கேட்பார்கள். நாள் முழுதும் மணி ஒலிக்கும். கூட்டத்துக்கு மேல் கூட்டம் வைத்துவிட்டு, வேலையை இரவில் செய்வோம்” என்றார். கருவி மட்டும் நம்மைத் திருத்திவிடாது என்பதை அவர் வாயிலாகவே கேட்டேன்.

இத்தகைய கருவிகள் எங்கிருந்து வந்தன? ஸ்லாக் என்பது 2013-ஆம் ஆண்டில் வெளிவந்தது. கணினி விளையாட்டு ஒன்றை உருவாக்கிய குழுவினர், தங்களுக்குள் பேசிக்கொள்வதற்காகச் செய்துகொண்ட கருவி அது. விளையாட்டு நிலைக்கவில்லை, கருவி நிலைத்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் டீம்ஸ் 2017-இல் வந்தது. நம் தமிழகத்திலும் இத்தொழில் வேரூன்றியிருக்கிறது. 1996-இல் தொடங்கப்பெற்று, தென்காசிக்கு அருகில் மத்தளம்பாறை என்னும் சிற்றூரிலும் அலுவலகம் அமைத்துள்ள சோஹோ நிறுவனம், அலுவலகக் குழுக்களுக்கென்று கிளிக் என்னும் கருவியைச் செய்திருக்கிறது. பொதுமக்களுக்காக 2021-இல் அது வெளியிட்ட செயலிக்கு ‘அரட்டை’ என்றே பெயர். அப்பெயரைக் கேட்டதும் எங்கள் பேரவைக் குழு நினைவுக்கு வந்து எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களிடம் அரட்டைக்குக் குறைவே இருந்ததில்லை.

ஆனால், தொலைவில் இருப்போர் ஒன்றாய் வேலை செய்வது செட்டிநாட்டிற்குப் புதிதா? இல்லவே இல்லை. இவ்வூர்ப் பெருவீடுகளைக் கட்டிய நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் லேவாதேவி நடத்தியவர்கள். முதலாளி இங்கே இருப்பார். அவருடைய முகவர் கடலுக்கு அப்பால் மூன்றாண்டுத் தவணையில் வேலை பார்ப்பார். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று பணிநிலைகள் வகுக்கப்பட்டிருந்தன. இன்னது இன்னாருடைய வேலை என்பதில் ஐயத்திற்கு இடமில்லை. சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவில் இருந்த கிட்டங்கிகளில், ஒரே கூடத்தில் பல கடைகள் நடந்தன. ஒவ்வொருவர்க்கும் ஒரு கைப்பெட்டியும் அதன்முன் அமரும் இடமுமே அலுவலகம். பேரேடும் ஐந்தொகையும் ஒழுங்காக எழுதப்பட்டு ஊருக்கு அனுப்பப்பட்டன. கப்பலில் கடிதம் வந்த காலத்திலும் கணக்கு தடுமாறவில்லை. ஏனெனில் எழுத வேண்டியது எழுதப்பட்டது.

அவர்கள் கூடவும் செய்தார்கள். ரங்கூனில் மொகல் தெருவிலிருந்த கோவிலில் மாதந்தோறும் கூடி, தங்களுக்குள் வழங்கும் ‘நடப்பு வட்டி’ விகிதத்தை வகுத்தார்கள் என்பதை 1929-30-ஆம் ஆண்டுகளில் ஆய்வு நடத்திய பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு பதிவு செய்திருக்கிறது. எதற்காகக் கூடுகிறோம் என்பது வருகிற ஒவ்வொருவருக்கும் தெரியும். எழும்போது ஒரு முடிவு கையில் இருக்கும். எங்கள் கூட்டங்களோடு இதனை ஒப்பிட்டு வெட்கினேன்.

அதே சிங்கப்பூரில், கிட்டங்கிகள் இருந்த நாளிலேயே, வரலாற்றுப் பேராசிரியராகப் பணியாற்றியவர் பார்க்கின்சன் என்னும் ஆங்கிலேயர். 1957-இல் அவர் எழுதி வெளியிட்ட நூலில் ஒரு கற்பனைக் குழு வருகிறது. ஒரு கோடிப் பவுன் செலவாகும் அணு உலையை அது இரண்டரை நிமிடத்தில் ஏற்றுக்கொள்கிறது. 350 பவுன் செலவில் மிதிவண்டிக் கொட்டகை போடுவதைப் பற்றியோ முக்கால் மணி நேரம் வாதிடுகிறது. அணு உலை யாருக்கும் புரியாது. கொட்டகை எல்லாருக்கும் புரியும். எளிதில் கருத்துச் சொல்லக்கூடிய பொருளே நேரத்தை விழுங்கிவிடுகிறது. எங்கள் கொடிமரத்து வண்ணமும் அத்தகையதன்றோ?

கட்டைவிரல்களின் கதைக்கும் விளக்கம் உண்டு. டார்லி, லட்டானே என்னும் அமெரிக்க உளவியலறிஞர் இருவர் 1968-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அடுத்த அறையில் ஒருவர் வலிப்பு வந்து துடிப்பதுபோன்ற ஒலியை மாணவர்களைக் கேட்கச் செய்தனர். தாம் ஒருவரே கேட்கிறோம் என்று நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர், அவ்வொலி அடங்குமுன் உதவி தேடினர். வேறு நால்வரும் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் அவ்வாறு செய்தவர் 31 விழுக்காட்டினரே. அவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். ‘வேறு யாரேனும் செய்வார்கள்’ என்று இருந்துவிட்டவர்கள். நாங்களும் அப்படியே இருந்துவிட்டோம்.

ஆகவே எங்கள் பேரவையில் சில வழக்கங்களை மேற்கொண்டோம். அவற்றை வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

கூட்டத்திற்கு இரண்டு நாள் முன்பே பொருள்கள் எழுதி அனுப்பப்படுகின்றன. ‘ஏழையர் நிதி’ என்று தலைப்பு மட்டும் போடுவதில்லை. ‘இக்குடும்பத்திற்கு எவ்வளவு, எப்போது கொடுப்பது?’ என்று வினாவாகவே எழுதுகிறோம். வெறும் அறிவிப்புகளைக் கூட்டத்தில் படிப்பதில்லை. அவை முன்னதாகவே எழுத்தில் போய்விடும். மனிதரின் வாழ்வைத் தொடும் பொருள் முதலிலும், வண்ணமும் ஒலிபெருக்கியும் இறுதியிலும் வருகின்றன. ஒரு மணி நேரத்திற்குள் கூட்டம் முடிகிறது. எல்லாரும் ஒருமுறை பேசும் முன் எவரும் இருமுறை பேசுவதில்லை. இதனால், மூன்றாண்டுகளாக வாய் திறவாதிருந்த மூதாட்டி ஒருவர் பேசினார். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது எங்கள் எல்லாரைவிட அவருக்கே நன்கு தெரிந்திருந்தது.

பேச்சுக்களுக்கு இடையே சிறிது நேரம் அமைதி காக்கிறோம். 2023, 2024-ஆம் ஆண்டுகளின் அக்டோபர் மாதங்களில் உரோமையில் கூடிய ஆயர் மாமன்றத்தில் உறுப்பினர்கள் வட்ட மேசைகளைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் பேச மற்றவர் கேட்டு, இடையிடையே மௌனம் காத்ததை நாம் படித்தோம். திருத்தூதர் பணிகள் நூலின் 15-ஆம் அதிகாரத்திலும் எருசலேமில் கூடியவர்கள் நெடுநேரம் வாதிட்டபின் அமைதியாகக் கேட்டார்கள். முடிவைச் சுருக்கமாக எழுதினார்கள். அதைக் கொண்டுசெல்ல யூதா, சீலா என்னும் இருவரைப் பெயர் சொல்லி அனுப்பினார்கள். எத்தனையோ முறை அப்பகுதிக்கு மறையுரை ஆற்றியிருக்கிறேன். அதில் நல்ல கூட்டத்தின் இலக்கணம் அடங்கியிருப்பதை அந்த ஜூன் மாதத்திற்குப் பிறகே கண்டேன்.

கலையும்முன் செயலர் முடிவுகளை உரக்கப் படிக்கிறார். என்ன வேலை, யார் செய்வது, எந்நாளுக்குள் செய்வது, முடிந்ததா என்னும் நான்கு பத்திகள் கொண்ட ஒரு கணினித் தாளில் அவை பதிவாகின்றன. உறுப்பினர் எல்லாரும் தத்தம் கைபேசியிலேயே அதைத் திறந்து பார்க்கலாம். அவ்விளைஞர் அரை மணி நேரத்தில் அமைத்துத் தந்தது அது, பணச்செலவு எதுவுமில்லை. கைபேசி இல்லாத இருவருக்காக அதன் படி ஒன்று கோவில் அலுவலகச் சுவரில் தொங்குகிறது. ‘யார்’ என்னும் பத்தியில் ‘அனைவரும்’ என்றோ ‘பேரவை’ என்றோ எழுதக்கூடாது என்பதே எங்கள் கண்டிப்பான விதி.

இன்னொரு தவற்றையும் உணர்ந்தோம். உதவி நாடிய தாயின் பெயரையும் வறுமையையும் 14 பேர் கைபேசிகளில் பரப்பியிருந்தோமே, அது முறையா? இப்போது உதவி பெறுவோரின் பெயர்கள் மூவர் மட்டுமே பார்க்கக்கூடிய தனித் தாளில் உள்ளன. பொதுத் தாளிலும் சுவரிலும் ‘கல்வி உதவி எண் 4’ என்பதுபோல எண்ணே இருக்கும். இரவு 9 மணிக்கு மேல் குழுவில் எவரும் எழுதுவதில்லை. அவசரமென்றால் தொலைபேசியில் அழைக்கிறோம். மனத்தாங்கலை மட்டும் ஒருபோதும் எழுதுவதில்லை. ஒருமுறை தட்டச்சு செய்த ஒற்றை வரியால் உறுப்பினர் இருவர் பத்து நாள் பேசாதிருந்தனர். ஒருவரை மற்றவர் வீட்டிற்கு அழைத்துச் சென்றேன். அந்த வீட்டம்மா கொடுத்த காப்பி ஆறுமுன் பிணக்குத் தீர்ந்தது. முகம் பார்த்துத் தீர்க்க வேண்டியதை எந்த மென்பொருளும் தீர்த்து வைக்காது.

குடும்பங்களுக்கும் இது பொருந்தும் அல்லவா? நம் பகுதியில் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்க, முதிய தாய் தந்தையர் இங்கே தனித்திருக்கும் இல்லங்கள் பல. உடன்பிறந்தோர் குழுவில் ‘அம்மாவுக்கு மருந்து தீரப்போகிறதாம்’ என்று ஒருவர் எழுத, மற்றவர் வருத்த முகத்தை இடுகிறார்கள். மருந்து வாங்குவது யார், மருத்துவரிடம் அழைத்துச் செல்வது யார், எந்த நாளில்? அன்பு இருக்கிறது, அதற்கு ஒரு பெயரையும் நாளையும் சேர்த்து எழுதுங்கள். மாதம் ஒருமுறை எல்லாரும் காணொலியில் கூடி, முதற்கண் அம்மாவைப் பேசவிட்டுக் கேளுங்கள்.

இவ்வாண்டு ஜூன் மாதத்தில் அப்பெண் கல்லூரியில் சேர்ந்தாள். எங்கள் தாளில் அவ்வேலைக்கு எதிரே பொருளரின் பெயர் இருந்தது. குறித்த நாளுக்கு மூன்று நாள் முன்பே பணத்தைக் கட்டி, ரசீதை அத்தாயின் கையில் கொடுத்துவிட்டு வந்தார். நான்காம் பத்தியில் ‘முடிந்தது’ என்று அவர் எழுதியதைக் கண்டபோது நிறைவடைந்தேன். ஆயினும் துணிக்கடையில் கழிந்த அந்த ஓராண்டை எங்களால் திருப்பித் தர இயலாது.

அடுத்த முறை உங்கள் கைபேசியில் கட்டைவிரலை உயர்த்துமுன் ஒரு கணம் நின்று, ‘இதைச் செய்யப்போவது யார்?’ என்று கேளுங்கள். விடை தெரியவில்லையெனில், ‘நான் செய்கிறேன்’ என்று எழுதுங்கள். எந்த நாளுக்குள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.