பற்றரி இறங்கிய தை

ஜனவரி 12, ஞாயிறு

ரொறன்ரோவில் நாளைக் காலை மைனஸ் 18 பாகை. காற்றையும் சேர்த்தால் மைனஸ் 27 போல உறைக்கும் என்கிறார்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் கீழே தரிப்பிடத்துக்குப் போய் கார் வைப்பர்களை நிமிர்த்தி விட்டு வந்தேன். கண்ணாடியோடு ஒட்டி உறைந்ததைக் காலையில் பிடித்து இழுத்தால் ரப்பர் கிழியும். பிறகு ஒவ்வொரு வீச்சுக்கும் கண்ணுக்கு நேரே ஒரு கோடு விழும். கண்ணாடி கழுவும் நீலத் தண்ணியையும் நிரப்பினேன். மைனஸ் 40 என்று போத்தலில் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் வாங்கினது. 401 நெடுஞ்சாலையில் முன்னுக்குப் போகும் லொறி உப்புச் சேற்றை அள்ளி அடிக்கும்போது அது இல்லாவிட்டால் பாதையே தெரியாது.

நாளைப் பராமரிப்பு வேலையில் முதல் வீடு மோர்னிங்சைட் பக்கம், ஏழு மணிக்கு. அந்த அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்த பிறகு தனிய எழும்ப ஏலாது. தூக்கி இருத்தி, கழுவித் துடைத்து, உடுப்பு மாற்றி நாற்காலிக்குக் கொண்டுவர வேண்டும். நான் போய்ச் சேரும் வரைக்கும் அவர் கட்டிலில்தான்.

ஜனவரி 13, திங்கள்

கார் ஸ்ராற் ஆகவில்லை.

முதலில் கதவே திறக்கவில்லை. விளிம்பு ரப்பரில் ஈரம் உறைந்து ஒட்டிக்கொண்டது. இப்படியான நேரத்தில் இழுக்கக் கூடாது, தோளால் உள்பக்கம் அழுத்த வேண்டும். பனி நொறுங்கி விட்டுவிடும். சிலர் கேத்திலில் சுடுதண்ணி கொண்டுவந்து ஊற்றுவார்கள். கண்ணாடி வெடிக்கும், ஊற்றிய தண்ணியும் பூட்டுக்குள் போய்க் கட்டியாகும்.

உள்ளே ஏறித் திறப்பைத் திருப்பினால் டிக், டிக், டிக். முன்விளக்கு மஞ்சளாக மங்கி, திறப்பை விட்டதும் கொஞ்சம் தெளிந்தது. வீதி உதவிக்கு அடித்தேன். மூன்று மணித்தியாலம் ஆகும், நகரம் முழுக்க இதே கதை என்றார்கள். வேலை இடத்துக்கு அடித்தேன். அனுப்ப வேறு ஆள் இல்லையாம்.

இரவு வேலை முடித்து வந்த பிலிப்பைன்ஸ் தாதி ஒருவர், எங்கள் கட்டடத்தில் ஐந்தாம் மாடி, என்னைக் கண்டு தன் வானைத் திருப்பிக்கொண்டு வந்தார். பன்னிரண்டு மணித்தியாலம் நின்று வேலை செய்த மனிசி. பொனெற்றைத் தூக்கியவுடன் வயரைக் கொழுவவில்லை. ரோர்ச் அடித்து, பற்றரியின் பக்கங்கள் வீங்கியிருக்கிறதா என்று கையுறையைக் கழற்றி விரலால் தடவிப் பார்த்தார். சார்ஜ் முழுதாக இறங்கிய பற்றரி மைனஸ் பத்துக்குக் கிட்டவே உறைந்துவிடும், உறைந்ததுக்குப் பூஸ்ற் கொடுத்தால் வெடிக்கலாம். எனது வீங்கியிருக்கவில்லை. சிவப்பை என் பற்றரியின் பிளஸில், மற்ற முனையை அவருடைய பிளஸில். கறுப்பை அவருடைய மைனஸில், அதன் மறுமுனையை என் எஞ்சினின் வெறும் இரும்பில், பற்றரியிலிருந்து தள்ளி. கடைசி முனையைக் கொழுவும்போது பொறி தெறிக்கும், பற்றரிக்குப் பக்கத்தில் ஐதரசன் வாயு நிற்கும் என்பதால்தான் இந்த ஒழுங்கு. ஐந்து நிமிடம் பொறுத்துத் திருப்பினேன், பிடித்தது.

மோர்னிங்சைட்டுக்குப் போக எட்டே கால். அம்மா நனைந்த கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தார். கழுவி, காய்ந்த துணி விரித்து, கம்பளியால் மூடின பிறகுதான் வாய் திறந்தார்: “ஏன் பிள்ளை, உந்தக் குளிருக்குள்ள ஓடி வந்தனீ? ஆறுதலா வந்திருக்கலாமே.” எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கார் பழுதானால் சொந்தக்காரருக்கு அலைச்சல் என்றுதான் எல்லோரும் கதைக்கிறார்கள். அந்த ஒன்றேகால் மணித்தியாலத்தை உடம்பால் அனுபவித்தது அவர்.

ஜனவரி 14, செவ்வாய்

தைப்பொங்கல். சூரியன் எழும்ப எட்டு மணி ஆகப் பார்க்கும், அந்நேரம் நான் இரண்டாவது வீட்டுக்குக் கிட்ட நிற்பேன். அதனால் ஐந்து மணிக்கே குசினியில் பானை வைத்தேன். பால் பொங்கியது, பிள்ளைகள் நித்திரைக் கண்ணோடு கும்பிட்டார்கள். கார் உடனே பிடித்தது, ஆனால் இழுத்து இழுத்து. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

அம்மாவுக்குக் கொஞ்சம் புக்கை கொண்டுபோனேன். கரண்டியால் ஊட்ட ஊட்ட முழுவதையும் சாப்பிட்டார்.

ஜனவரி 15, புதன்

பின்னேரம் கராச்சுக்குப் போனேன். அங்கே இருப்பது ஒரு பருத்தித்துறைத் தம்பி. மீற்றரை வைத்துப் பார்த்தார். முழுச் சார்ஜில் 12.6 வோல்ற் காட்ட வேண்டிய பற்றரி 12ஐக்கூடத் தொடவில்லை. எஞ்சின் ஓடும்போது 14.1 ஏறுகிறது, அப்படியென்றால் சார்ஜ் ஏற்றும் ஒல்ரநேற்றர் நல்லாய் இருக்கிறது.

“அக்கா, எத்தினை கிலோமீற்றர் ஒரேயடியா ஓடுவியள்?”

வீட்டுக்கு வீடு ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்றேன். தலையாட்டினார். அவர் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன், என்னைப் போல ஓடித் திரிகிற எங்கள் பிள்ளைகளுக்கும் காட்ட வேண்டும்.

குளிரில் பற்றரிக்குள் நடக்கும் இரசாயன வேலை மந்தமாகிறது. பூச்சியம் பாகையிலேயே அதன் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், மைனஸ் 18இல் பாதிக்கும் மேலே போய்விடும். அதே குளிரில் எஞ்சின் ஒயிலும் போத்தலில் உறைந்த தேங்காயெண்ணெய் போலத் தடித்துவிடுவதால், எஞ்சினைச் சுழற்ற வழக்கத்தைவிடக் கூடப் பலம் வேண்டும். பலம் குறைகிற நேரத்திலேயே பாரம் கூடுகிறது. ஒவ்வொரு ஸ்ராற்றும் பற்றரியிலிருந்து கொஞ்சம் சார்ஜை எடுக்கும், அதைத் திருப்பி நிரப்ப நல்ல தூரம் ஓட வேண்டும். ஐந்து நிமிடம் ஓடி, அதற்குள் ஹீற்றர், பின்கண்ணாடிச் சூடு, விளக்கு எல்லாம் போட்டு, பிறகு நிற்பாட்டினால் எடுத்தது எடுத்ததுதான்.

ஆக என் பற்றரியைக் கொன்றது குளிர் மட்டுமல்ல, என் வேலை அட்டவணையும்தான். ஒரு வீட்டில் முக்கால் மணித்தியாலம், அடுத்ததில் அரை மணித்தியாலம், இடையில் ஓட்டம். அந்த ஓட்டத்துக்கு எனக்குச் சம்பளம் இல்லை, அதில் தேய்கிற காருக்கும் இல்லை. புதுப் பற்றரி இருநூறு டொலருக்கு மேலே போனது. பராமரிப்பு வேலைக்குக் கார் கட்டாயம் என்று எழுதிக் கேட்கிறவர்கள், அந்தக் கார் குளிரில் ஓடுவதற்கு என்ன செலவாகும் என்று ஒருநாளாவது இருந்து கணக்குப் பார்க்க வேண்டும். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

ஜனவரி 18, சனி

இரவு முழுக்கப் பனி கொட்டியது. காரைச் சுற்றிச் சவலால் அள்ளி முடிக்க, பனி தள்ளும் வண்டி வந்து தரிப்பிட வாசலில் முழங்கால் உயரத்துக்கு வரம்பு கட்டிவிட்டுப் போனது. அது பஞ்சுப் பனி அல்ல. வீதியில் நசிபட்டு, உப்போடு கலந்து இறுகின கட்டி. முதுகு விண்ணென்று வலிக்கிறது.

எஞ்சினைப் போட முதல் பின்னால் போய்ப் புகைக்குழாயைச் சுற்றிக் கிண்டி விட்டேன். பனி அடைத்தால் கார்பன் மொனொக்சைட் காருக்குள் வரும், மணமே இருக்காது. உள்ளே சூடாக இருக்கட்டும் என்று பிள்ளைகளை முதலில் ஏற்றி இருத்திவிட்டு வெளியே பனி அள்ளும் தகப்பன்மாரைக் கண்டால், நின்று சொல்லாமல் என்னால் போக முடியாது. இன்றும் ஒருவருக்குச் சொன்னேன். உடனே பிள்ளையை இறக்கினார்.

லோரன்ஸ் பக்கத்தில் நான் பராமரிக்கப் போகிற ஐயா யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். 1999 ஜனவரியில் மேயர் மெல் லாஸ்ட்மன் பனி அள்ள இராணுவத்தைக் கூப்பிட்டதைச் சொன்னார். நாட்டின் மற்றப் பக்கமெல்லாம் ரொறன்ரோவைப் பார்த்துச் சிரித்ததாம், இன்றைக்கும் சிரிக்கிறதாம். கிழமைக்கு மூன்று தரம் டயாலிசிஸுக்குப் போகிறவர் இந்த ஐயா. சக்கர நாற்காலி நடைபாதையில் போக முடியாத ஒரு நாள் அவருக்கு என்ன ஆகும் என்று தெரிந்த யாருக்கும் அதில் சிரிக்க எதுவும் இல்லை.

ஜனவரி 19, ஞாயிறு

ரயர் விளக்கு எரிந்தது. ஓட்டை இல்லை. ஐந்தரைப் பாகை இறங்கினால் ஒரு பிஎஸ்ஐ அளவு காற்றழுத்தம் குறையும். அடித்து நிரப்பினேன்.

ஜனவரி 21, செவ்வாய்

மைனஸ் 20. புதுப் பற்றரி ஒரே திருப்பில் பிடித்தது, அந்தச் சத்தத்தைக் கேட்க எவ்வளவு சந்தோசம்!

ஆனால் வீதி மோசம். சாதாரண உப்பு மைனஸ் பத்து, பன்னிரண்டுக்குக் கீழே போனால் மந்தமாகிவிடும். வெள்ளையாகக் கிடக்கும், பனியை உருக்காது. மோர்னிங்சைட் இறக்கத்தில் கறுப்புப் பனி. எனக்கு முன்னால் போன கார் பிறேக் பிடித்தபடியே சறுக்கிப் போய்க் கரைக்கல்லில் முட்டி நின்றது. நான் தூரம் விட்டுத்தான் வந்தேன். குளிர்கால ரயர் என்பதால் காரும் சொன்ன சொல் கேட்டது. ஏழு பாகைக்குக் கீழே சாதாரண ரயரின் ரப்பர் விறைத்துப் பிடிப்பை இழந்துவிடும், இதற்குப் பனி கொட்டவே தேவையில்லை. கியூபெக்கில் டிசம்பர் 1இலிருந்து மார்ச் 15 வரைக்கும் குளிர்கால ரயர் சட்டம். எங்கள் ஒன்ராறியோவில் பெரும்பாலும் கட்டாயமில்லை, ஆனால் போட்டிருப்பவர்களுக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கொடுக்க வேண்டும் என்று 2016இலிருந்து விதி உண்டு. எத்தனை பேர் கேட்டு வாங்குகிறார்கள்? எங்கள் பெண்கள் பலருக்கு அது தெரியவே தெரியாது. மத்தியானம் வட்ஸப் குழுவில் குரலில் பேசிப் போட்டேன்.

காலையில் ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே அம்மாவின் கதவைத் தட்டிவிட்டேன்.

ஜனவரி 24, வெள்ளி

வேலை இடத்து ஒருங்கிணைப்பாளரோடு இன்று நேரில் இருந்து கதைத்தேன். எழுதிக்கொண்டு போனேன், கதைக்கும்போது ஒன்றும் விடுபடக் கூடாது என்று. கடுங்குளிர் எச்சரிக்கை வரும் நாட்களில், தானாக எழும்ப முடியாதவர்களின் வீடுகளை முதலில் வையுங்கள். எழும்பித் தேத்தண்ணி போட்டுக் குடிக்கக்கூடியவர்களைப் பிந்தி வையுங்கள். ஒரே அயலில் இருக்கிற வீடுகளை ஒரே ஆளிடம் கொடுங்கள். ஒருவரின் கார் நின்றால் அந்த அயலிலேயே இன்னொருவர் போகக்கூடியதாக இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள். வீட்டுக்கு வீடு ஓடும் நேரத்துக்குச் சம்பளம் தாருங்கள்.

முதல் மூன்றையும் அடுத்த மாத அட்டவணையில் செய்து பார்ப்பதாகச் சொன்னார். சோடி சேர்ப்பதற்கு ஆள் பற்றாது என்றார். நானும் மார்க்கம் வீதிப் பக்கம் இதே வேலை செய்கிற பிள்ளையும் எங்களுக்குள்ளேயே தொலைபேசி இலக்கம் மாற்றிக்கொண்டோம். சம்பளத்துக்கு, மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்றார். எப்போது கேட்பீர்கள் என்று கேட்டேன். திங்கள் என்றார். திங்கள் பின்னேரம் நான் அடிப்பேன்.

இரவுக்கு மைனஸ் 15. வைப்பரை நிமிர்த்த இனித்தான் கீழே போக வேண்டும்.