சம்பளமற்ற லீவு

2023 தை மாதத்தில் ஒரு நாள், இஷாத் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்த நேரம் மாலைதீவிலிருந்து அழைப்பு வந்தது. முன்னர் என்னோடு அங்கு படிப்பித்த நண்பர்.

"கணக்குக்கு ஆள் தேடுறாங்க சேர். உங்கட பேரச் சொல்லிட்டன். வாறீங்களா?"

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது.

அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்துச் சில ஆண்டுகளின் பின், 2006 இல் முதன்முறை அங்கு போனேன். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பத்து நிமிடத்தில் நடந்துவிடக்கூடிய தீவு. தமிழில் கணிதம் கற்று, தமிழிலேயே கற்பித்த நான், முதல் தவணை முழுவதும் இரவில் ஆங்கிலத்தில் பாடத்தை உரக்கச் சொல்லிப் பார்த்துவிட்டே காலையில் வகுப்புக்குப் போனேன். பிள்ளைகள் எனக்குத் தானா எழுத்தைக் கற்றுத் தந்தார்கள். அதன் முதல் ஒன்பது எழுத்துக்களும் அரபு இலக்கங்களிலிருந்து பிறந்தவை என்றறிந்தபோது, கணக்கு வாத்தியாருக்கு உள்ளூர ஒரு பெருமை. நம் வீட்டுச் சம்பலில் இடிக்கும் மாசி, அங்கே தேங்காய்ப்பூவோடும் ரொட்டியோடும் காலைச் சாப்பாடாக வந்தது. மொழி வேறாயினும் ஸப்பில் நின்றால் அந்நியம் தெரியவில்லை.

2007 இல் வாப்பா மௌத்தானார். மாலேயிலிருந்து கொழும்புக்கு ஒன்றரை மணித்தியால விமானப் பயணம்தான். மாலேக்கு வரத்தான் படகு வேண்டும். அன்று கடல் விடவில்லை. ஊர் வந்து சேர்ந்தபோது கபுறின் மண் காய்ந்திருந்தது. வாப்பாவின் ஜனாஸாவுக்குத் தோள் கொடுக்காத மகன் நான். அந்தச் சம்பளத்தில்தான் தங்கச்சியின் கல்யாணமும் நடந்தது, வீட்டுக்கு ஓடும் போட்டோம்.

இனிப் போவதில்லை என்றுதான் திரும்பி வந்தேன். ஆனால் 2022 எல்லோருடைய கணக்கையும் பிழையாக்கியது. 200 ரூபாவளவில் இருந்த டொலர் இரண்டு மூன்று மாதங்களுக்குள் 360 ரூபாவைத் தொட்டது. வீட்டுக் கடனின் வட்டி ஏறியது. அரச ஊழியர் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு செல்லலாம் என்று அவ்வாண்டு ஆனியில் 14/2022 ஆம் இலக்கச் சுற்றறிக்கையும் வந்தது.

எங்கள் பாடசாலையில் அதில் முதலில் போனவர் விஞ்ஞான ஆசிரியர். "புள்ளைகள நடுவுல விட்டுட்டுப் போறார்" என்று ஆசிரியர் அறையில் பலர் கேட்கச் சொன்னவன் நான். பல மாதங்கள் பதிலாள் வரவில்லை. இப்போது அதே விண்ணப்பப் படிவம் என் மேசையில் கிடந்தது.

மனைவி, "மகள் கெம்பஸ் போனா செலவிருக்கு. நான் போங்க எண்டும் சொல்லல்ல, போகாதீங்க எண்டும் சொல்லல்ல" என்றாள். உம்மா மறிப்பா என்று எதிர்பார்த்தேன். உம்மாவோ, "எனக்குக் கண் மங்கிட்டு மனே. உன்ட சத்தத்தத்தான் கேக்கன். அது போனுலயும் கேக்கும்தானே" என்றா. மறித்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

மறுவாரம் பதினோராம் வகுப்பில் இருபடிச் சமன்பாடு செய்துகொண்டிருந்தேன். பின்வரிசைப் பிள்ளையொன்று எழும்பி, "சேர், நீங்களும் போறீங்களாமே?" என்று கேட்டது.

அந்த 'நீங்களும்' என்பதிலிருந்த 'உம்' என்னை வீடுவரை துரத்தியது. அன்றிரவே நண்பரிடம், இந்தப் பிள்ளைகளின் பரீட்சை முடியட்டும் என்றேன். பாடசாலைகள் காத்திருப்பதில்லை, வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள்.

இதைத் தியாகமென்று எழுத எனக்கு வெட்கம். அந்த வகுப்பில் கணிதத்துக்குத் தோற்றிய முப்பத்தொரு பேரில் பத்தொன்பது பேர் சித்தியடைந்தனர். மற்றப் பன்னிரண்டு பேருக்கு நான் இருந்தும் எதுவும் ஆகவில்லை. மனைவியின் காப்பு இரண்டு முறை அடகுக்குப் போய் வந்தது. மாலையில் டியூஷன் கொடுத்தே கடனைக் கட்டுகிறேன்.

சென்ற பெருநாளைக்கு விஞ்ஞான ஆசிரியர் லீவில் வந்திருந்தார். பள்ளிவாசல் முற்றத்தில் கையைப் பிடித்து, அன்று நான் பேசியதற்கு மாப்புக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை; கோபிக்கவுமில்லை.

"வேற யாரும் சொல்லியிருந்தா எனக்கு ஒண்டுமில்ல சேர். உங்கட வாப்பா மௌத்தாகக்குள்ள நீங்க அங்க இருந்த ஆள். உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.