மலைச் சடக்கும் எலுமிச்சம்பழமும்

சிங்கப்பூரிலே மிக உயர்ந்த குன்று புக்கிட் தீமா. அதன் உயரம் 163 மீட்டரேயாம். அதன் உச்சிக்கும் தார் ரோடு உண்டு. ஆகவே நகரத்துச் சகோதரர்களுக்கு மேடு என்பது கால் நோவைப் பற்றிய விஷயமேயன்றி உயிரைப் பற்றிய விஷயமன்று. தோட்டப்புறத்தார்க்கோ அப்படியன்று.

சென்ற ஆயுத பூசையன்று தேக்காவில் நாம் கண்டதைச் சொல்லுகிறோம். கோயில் வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. அவற்றுள் ஒன்று நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் ஜீப்பு. மாலை, சந்தனம், குங்குமம், பூசணிக்காய், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் என்று சகல உபசாரங்களும் அதற்கு நடந்தன. மறுவாரம் ஜொகூர்க் காட்டு மேடுகளில் அதை ஏற்றப் போவதாக உடையவர் பெருமையோடு கூறினார். நாம் குனிந்து டயரைப் பார்த்தோம். வரியே இல்லை! எலுமிச்சம்பழம் நசுங்கிக் கொடுத்தது. மழையில் ஊறிய செம்மண் அங்ஙனம் கொடுக்குமா?

இவ்வகை வண்டிக்கு மந்திர சக்தி ஒன்றுமில்லை. 1941-இல் அமெரிக்கப் படைக்கென ஜீப்பும், 1948-இல் ஆம்ஸ்டர்டாம் காட்சியில் லேண்ட் ரோவரும் வெளிவந்தன. அவற்றின் சிறப்பு யாதெனில், வழக்கமான கியரோடு இன்னொரு கியர்ப்பெட்டியும் அமைந்திருப்பதே. அதைத் தாழ்நிலையில் இட்டால் வேகம் ஏறத்தாழப் பாதியாகவோ அதற்குங் கீழாகவோ குறையும். இழுக்கும் பலம் அவ்வளவுக்கவ்வளவு பெருகும். இறங்கும்போதும் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஈரச் சரிவிலே பிரேக்கை ஓங்கி மிதிப்பவன் சக்கரத்தை நிறுத்துகிறானேயன்றி வண்டியை நிறுத்துகிறானில்லை. உருளாத சக்கரம் வழுக்கிக்கொண்டே போகும். பிறகு ஸ்டீயரிங்கைத் திருப்பியும் பயனில்லை. சரிவுக்குக் குறுக்கே ஓட்டுவது அதனினும் கேடு. வண்டி பக்கவாட்டில் உருண்டுவிடும். நேரே ஏறவேண்டும், நேரே இறங்கவேண்டும். பாதி மேட்டில் நின்றுவிட்டால் அங்கேயே திருப்பப் பார்க்கலாகாது; பின்கியரிலிட்டு, வந்த தடத்திலேயே நேர்பின்னாக இறங்கவேண்டும். சாஸ்திரம் இவ்வளவே. இதற்குப் புரோகிதர் வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுத் தேனி ஜில்லாவில் ஏறத்தாழ 7,900 அடி உயரத்தில் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் உள்ளது. தோட்டம் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. ஜீப்பு ஏறும் வழியோ கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து செல்கிறது. கல்லும் குழியுமான அவ்வழியில் ஜீப்போட்டிகள் தினந்தோறும் ஏறி இறங்குகின்றனர். அத்தகையோரை 'டிரைவர்தானே' என்று ஒதுக்குவது நம்மவர் வழக்கம். ஆங்கிலப் பள்ளியில் பயின்ற நமக்கு, ஓரடி போனால் ஓரடி உயரும் சரிவு 45 பாகை என்று காகிதத்தில் கணக்கிடத் தெரியும். அம்மண் வண்டியைத் தாங்குமா என்பதைக் கட்டைவிரலால் அமிழ்த்திப் பார்த்துச் சொல்ல அவர்களுக்கல்லவா தெரியும்!

வண்டி புரண்டால் 'விதி' என்று சொல்லிவிடுகிறோம். யாருடைய விதி? பின்னால் இருப்பவனிடம் ஸ்டீயரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை. பல வேளைகளில் உட்காரப் பலகையும் இல்லை. சமமான தார் ரோட்டிலேயே இப்படி என்றால் மேட்டில் எப்படி? சிங்கப்பூரில் தொழிலாளரை லாரியின் பின்புறத்தில் ஏற்றிச் செல்வதை நிறுத்தவேண்டுமென்று 2023-இல் பல சங்கங்கள் ஒன்றுகூடிக் கேட்டன. உடனே தடுப்பது இயலாதென்று அரசாங்கம் விடையளித்தது. எலுமிச்சம்பழத்துக்குக் காசு தேடுவோர் இருக்கைக்கும் தேடலாம் என்பது நம் அபிப்பிராயம்.

நாம் கணக்கெழுதும் தோட்டத்தில் ஒரு டிரைவர் இருக்கிறார். இரவெல்லாம் மழை கொட்டிய ஒரு விடியற்காலையில், செம்பனை மேட்டின் அடியிலே அவர் வண்டியை நிறுத்தினார். முதலில் தாமே உச்சி வரை நடந்து போய்ப் பார்த்து வந்தார். பிறகு பின்னாலிருந்த பதினொரு பேரையும் இறங்கி நடக்கச் சொன்னார். நேரம் போகிறதென்று தண்டல் கூச்சலிட்டார்.

"வண்டியை நான் கொண்டுவருகிறேன் அண்ணே; ஆட்கள் நடந்து வரட்டும். சாய்ந்தால் நான் ஒருவனோடு போகட்டும்" என்றார் டிரைவர். வண்டி சாயவில்லை. ஆட்கள் அரைமணி நேரம் பிந்தினர்.

அதற்காகப் பன்னிருவருக்கும் அரைநாட் சம்பளம் பிடிக்கும்படி மேலிடத்திலிருந்து நம் மேசைக்குச் சீட்டு வந்தது. நாம் அதைச் செக்ரோலில் ஏற்றவில்லை. மழையின் அளவையும் மேட்டின் நிலையையும் அதன் பின்புறத்தில் எழுதித் திருப்பியனுப்பினோம். விடை இன்னும் வரவில்லை.