குணமானவர் என்று எழுதிய பிறகு

அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டியவர் என் அண்ணன். அந்தத் தொழிலில் இருமலை யாரும் பொருட்படுத்துவதில்லை. சிமென்ட் ஆலைகளுக்குக் கல் போகும் சாலைகளில் வேப்பிலையே வெளுத்துத்தான் கிடக்கும். அதனால் 2016-ல் காசநோய் என்று தெரிவதற்குள் பல மாதம் ஓடிவிட்டது.

தெரிந்தபின் தாமதமே இல்லை. சளிப் பரிசோதனை இலவசம், மாத்திரை இலவசம். பெரம்பலூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கே ஒருவர் வந்து, மாத்திரை விழுங்குகிறாரா என்று பார்த்துவிட்டுப் போவார். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டில் மாத்திரை கொடுத்தாலே நோய் குணமாகும் என்று காட்டியது. 1959-ல் வெளியான அந்த முடிவு உலகெங்கும் சிகிச்சை முறையை மாற்றியது. அதன் பலன் எங்கள் திண்ணை வரை வந்திருந்தது.

2017-ல் அட்டையில் ‘குணமானவர்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அது பொய்யில்லை. கிருமி போய்விட்டது. வலது நுரையீரலின் மேல்பகுதியில் அது குடைந்த பொந்துதான் போகவில்லை.

இரண்டு வருடம் கழித்து, பல் துலக்கும்போது இருமலோடு ரத்தம் வந்தது. தனியார் கிளினிக் ஒன்றில் எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து, “பழைய டிபி திரும்பிடுச்சு” என்று மறுபடி அதே மாத்திரைகளை எழுதினார்கள். வயிறு புரட்டியது, அதற்கு ஒரு கேஸ் மாத்திரை. லாரி வேலை போனது. சின்ன வெங்காயம் போடும் கொல்லையைக் குத்தகைக்கு விட்டோம். அண்ணி தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தார். மகளுக்கு வந்த வரன், “அப்பாவுக்கு இன்னும் அந்தச் சீக்கு இருக்காமே” என்ற ஒரு கேள்வியோடு நின்றுபோனது. மாத்திரை உள்ளே போகப் போக, ஆள் இளைத்துக்கொண்டே வந்தார்.

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி, ஒரு சொம்பு அளவுக்கு ரத்தம் கக்கினார். 108-ல் ஏற்றினோம். “பயப்படாதடா தம்பி” என்று அவர்தான் எனக்குச் சொன்னார். பெரம்பலூரில் ரத்தம் நிற்க ஊசி போட்டுத் திருச்சிக்கு அனுப்பினார்கள். 1995-லேயே திருச்சியிலிருந்து பிரிந்த மாவட்டம் எங்களுடையது. பெரிய வியாதி வந்தால் மட்டும் இன்னும் பிரியவில்லை. அங்கே சளியை சிபிநாட் மெஷினில் வைத்துப் பார்த்தார்கள். காசநோய்க் கிருமி இல்லை என்று வந்தது.

அண்ணி கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. கிருமி இல்லையென்றால் ரத்தம் எங்கிருந்து வருகிறது? கிளினிக்கில் கேட்டால், “மெஷின் தப்பா காட்டும், மாத்திரையை விடாதீங்க” என்றார்கள். டிபி இருந்தால் அரசாங்கக் கணக்கில் ஒரு எண் உண்டு, சத்துணவுக்கு 2018-ல் தொடங்கிய உதவித்தொகை உண்டு (அப்போது மாதம் 500 ரூபாய்), வீடு தேடி வரும் ஆள் உண்டு. டிபி இல்லை என்றானதும் இருமலைத் தவிர வேறு எதுவும் எங்களுக்கு இல்லை.

வழி சொன்னவர், முன்பு மாத்திரை கொடுக்க வந்த அதே பணியாளர். “டிபி விட்டுப்போன ஓட்டையில வேற ஏதோ இருக்கு சார். நுரையீரல் டாக்டர்கிட்ட போங்க. பழைய எக்ஸ்ரே ஒண்ணையும் விடாம எடுத்துட்டுப் போங்க” என்றார்.

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அரியலூர் போய் ரயிலேறித் தாம்பரத்தில் இறங்கினோம். 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய சானடோரியம் இன்று அரசு நெஞ்சக மருத்துவமனை. வீட்டிலேயே குணமாகும் நோய் விட்டுவைத்த மிச்சத்துக்காக, சானடோரியத்தின் படியேற வேண்டியிருந்தது.

மருத்துவர் எக்ஸ்ரேக்களை வருடவாரியாக அடுக்கினார். 2017-ல் பொந்து வெறுமையாக இருந்தது. கடைசிப் படத்தில் அதற்குள் ஓர் உருண்டை. அதன் மேல் பிறைபோலக் காற்று. சிடி ஸ்கேனும் ரத்தத்தில் பூஞ்சை எதிர்ப்பணுப் பரிசோதனையும் அதையே உறுதி செய்தன. ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை. ஈர வைக்கோலிலும் மக்கிய சருகிலும் இருப்பது. நாம் எல்லோரும் தினமும் அதைச் சுவாசிக்கிறோம். நல்ல நுரையீரலில் அது தங்காது. பொந்து கிடைத்தால் உள்ளே பந்தாக வளரும், சுவரிலுள்ள ரத்தக்குழாய்கள் புடைத்து உடையும்.

டிபி மாத்திரையை அன்றே நிறுத்தினார்கள். அதிலுள்ள ரிஃபாம்பிசின், பூஞ்சைக்குக் கொடுக்கும் இட்ராகோனசோலை உடம்பில் நிற்கவிடாதாம். கேஸ் மாத்திரையும் கூடாது. வயிற்றில் அமிலம் இருந்தால்தான் அந்தக் கேப்ஸ்யூல் சேரும், சாப்பிட்டவுடன் போட வேண்டும். அறுவை சிகிச்சையைத் தாங்க அண்ணனின் நுரையீரலில் வலுவில்லை. தொடை வழியாகக் குழாய் விட்டு, ரத்தம் கசியும் நாளத்தை அடைத்தார்கள். மருந்து குறைந்தது ஆறு மாதம் என்றார்கள். “இது யாருக்கும் ஒட்டாதும்மா” என்று மருத்துவர் சொன்னதும் அண்ணி அழுதுவிட்டார்.

அண்ணன் இப்போது லாரி ஓட்டுவதில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆனால் எடை கூடியிருக்கிறது, மகள் கல்யாணமும் நடந்தது. 2022-ல் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. கட்டடம் பக்கத்தில் வந்தால் மட்டும் போதாது. டிபி குணமானவர்களை வருடத்துக்கு ஒருமுறையாவது கூப்பிட்டு நெஞ்சைப் பார்க்க வேண்டும். அதுவரை, எங்களைத் தேடி வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: குணமானபின் மறுபடி ரத்தம் வந்தால், முதலில் சளியில் கிருமி இருக்கிறதா என்று மெஷினில் பாருங்கள். இல்லையென்று வந்தால், வேறென்ன என்று கேட்காமல் ஒரு மாத்திரையும் வாங்காதீர்கள்.