நான் அடித்துவிட்ட நூறு வோல்ட்

போன வாரம் பிளஸ் டூ படிக்கும் என் பேத்தி பௌதிகப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். "தாத்தா, இந்தக் கணக்குக்கு விடை தப்பா வருது, பாருங்க."

10 ஓம் மின்தடை, 0.318 ஹென்றி மின்தூண்டி, 31.8 மைக்ரோஃபாரட் மின்தேக்கி. மூன்றும் தொடர் இணைப்பில். கொடுப்பது 10 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரம். மின்தேக்கியின் குறுக்கே மின்னழுத்தம் என்ன? அவளுக்கு வந்தது 100 வோல்ட். "கொடுத்ததே பத்து. நூறு எப்படி வரும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த நான், பள்ளி இறுதியில் எழுதும் பக்கலொரேயா பரீட்சையில் இதே போன்ற ஒரு கணக்குக்குச் சரியான விடை எழுதினேன். பிறகு, முழுசைவிடப் பகுதி பெரிதாக இருக்குமா என்று பயந்து நானே அதை அடித்துவிட்டேன். அதனால்தான் எஞ்சினியர் ஆகாமல் குமாஸ்தா ஆனேன் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் அந்தக் கோடு இன்னும் உறுத்துகிறது.

பேத்திக்குக் கயிறு இழுக்கும் போட்டியைச் சொன்னேன். இரு பக்கமும் சம பலம் என்றால் நடுவில் கட்டிய துணி அசையாது. அதற்காகக் கயிற்றில் இழுப்பே இல்லை என்றாகுமா? இந்தச் சுற்றிலும் அப்படித்தான். 50 ஹெர்ட்ஸில் தூண்டிக்கும் தேக்கிக்கும் மின்மறுப்பு ஆளுக்கு 100 ஓம். இரண்டின் மின்னழுத்தமும் எந்த நொடியிலும் எதிரெதிர், கூட்டினால் பூஜ்யம். மிச்சம் நிற்பது 10 ஓம் தடை மட்டுமே. ஆகவே மின்னோட்டம் அதன் உச்சமான 1 ஆம்பியரைத் தொடுகிறது. அந்த 1 ஆம்பியர் 100 ஓமைக் கடக்கும்போது 100 வோல்ட் வராமல் என்ன செய்யும்? இதுதான் ஒத்ததிர்வு.

"சும்மா வருதா தாத்தா?"

"இல்லைம்மா. தூண்டியும் தேக்கியும் ஒரே ஆற்றலை மாற்றி மாற்றிக் கைமாற்றிக்கொள்கின்றன. தடையில் சூடாகிப் போகும் 10 வாட்டைத்தான் மின்மூலம் ஈடுகட்டுகிறது. ஆனால் பத்து வோல்ட்தானே என்று தேக்கியைத் தொட்டுவிடாதே!"

இந்தப் பத்து மடங்கைத் தமிழ்ப் பாடநூல் தரக்காரணி என்கிறது. எங்களுக்கு அது 'ஃபாக்தேர் தெ சூர்தான்சியோன்', அதாவது மிகை மின்னழுத்தக் காரணி. பெயரிலேயே விடை இருந்தது. நான் பெயரை மனப்பாடம் செய்தேன், பொருளை யோசிக்கவில்லை.

விடை விசித்திரமாக இருந்தால் இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். மறுபடியும் அதே வந்தால், தயவுசெய்து அடிக்காதீர்கள்.