அசலில் விழும் பணம்

வீட்டுக் கடனின் முதல் வருட ஸ்டேட்மென்ட்டை நிதானமாகப் படித்தவர்களுக்கு வயிறு கலங்காமல் இருக்காது. 30 லட்சம் கடன், 20 வருடம், 8.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய். முதல் மாதம் அதில் 21,250 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 4,785. வருடம் முழுக்கத் தவறாமல் 3.12 லட்சம் கட்டி முடித்த பிறகும் அசல் அறுபதாயிரம்கூடக் குறைந்திருக்காது.

இதே கணக்கு நம் பக்கமும் சாயும். முதல் வருட முடிவில் கூடுதலாக ஒரு லட்சம் அசலில் கட்டினால், கடைசியில் பதினெட்டுத் தவணை குறையும். அதே லட்சத்தைப் பதினைந்தாம் வருட முடிவில் கட்டினால் ஆறு தவணைகூட முழுதாகக் குறையாது. அதனால்தான், "சேரட்டும், மொத்தமாக அடைச்சிடலாம்" என்று தள்ளிப்போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மாறும் வட்டியில் வீட்டுக் கடன் வாங்கிய தனிநபர் முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது.

பகுதிப் பணம் கட்டும்போது தவணையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா என்ற கேள்வி வரும். சம்பளம் நெருக்கவில்லையென்றால் காலத்தைத்தான் குறைக்க வேண்டும். 2022 மே மாதம் 4 சதவீதத்திலிருந்து ஏறத் தொடங்கிய ரெப்போ விகிதம் 2023 பிப்ரவரியில் 6.5-ஐத் தொட்டது. அதோடு வீட்டுக் கடன் வட்டியும் ஏறியபோது பலருக்குத் தவணை மாறவில்லை, காலம் நீண்டது. பணி ஓய்வுக்குப் பிறகும் தவணை என்ற நிலை. தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்தாரரைக் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியின் உத்தரவு வந்தது.

என் மனைவிக்கு ஊர் நிலத்தில் பங்குப் பணம் வந்தபோது, இத்தனையையும் சொல்லி முழுவதையும் கடனில் போட்டுவிடலாம் என்றேன். அவள் கேட்டது ஒன்றுதான். "நாளைக்கே அத்தைக்கு ஆபரேஷன்னா, கட்டின பணத்தைத் திருப்பிக் கேக்க முடியுமாங்க?" முடியாது. நகையை அடகு வைக்க வேண்டும், அல்லது இதைவிட அதிக வட்டிக்குத் தனிநபர் கடன் வாங்க வேண்டும். எட்டரை சதவீதத்தை மிச்சம் பிடிக்கப்போய் பதினாலு சதவீதத்தில் மாட்டிக்கொள்வதில் என்ன லாபம்?

வரிச் சலுகைக்காகக் கடனை வைத்துக்கொள்ளச் சொல்பவர்களின் வாதம் எனக்கு ஒட்டவில்லை. பழைய வரி முறையில், குடியிருக்கும் வீட்டுக்கு வட்டியில் இரண்டு லட்சம் வரை கழிவு உண்டு. புதிய முறையில் அதுவும் இல்லை. இருந்தாலும், முப்பது பைசா மிச்சத்துக்காக ஒரு ரூபாய் வட்டி கட்டுவானேன்? பங்குச் சந்தையில் கூடுதலாக வரலாம், வராமலும் போகலாம். கடனில் கட்டிய பணம் மிச்சப்படுத்தும் வட்டியோ நிச்சயம்.

ஆறு மாதக் குடும்பச் செலவையும் அம்மாவின் வைத்தியத்துக்கான தொகையையும் தனிக் கணக்கில் போட்டோம். மீதியை அசலில் கட்டினோம். இனி போனஸ் வரும்போதெல்லாம் கொஞ்சம் கட்டுவதாகப் பேச்சு.

கடன் முழுதாக அடைந்ததும் 30 நாளுக்குள் வங்கி மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். அதன் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் நஷ்டஈடு. பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்ததற்கான எம்.ஓ.டி. ஆவணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணமும் பதிவாக வேண்டும். இல்லையென்றால் அடைத்த கடன் வில்லங்கச் சான்றில் அப்படியே நிற்கும். வீட்டை விற்கப் போகும்போதோ பிள்ளைகள் பேருக்கு மாற்றும்போதோ அலைச்சல்.