கைபிடித்து நடத்திய பாட்டு



இந்த வாரச் சிந்தனையை ஓர் அறிக்கையோடு தொடங்குகிறேன். சென்ற ஆண்டு வாலிபர் ஞாயிறு ஆராதனையில் நான் செய்த பிரசங்கம் ஒன்றைக் குறித்து இன்றுவரை என் மனம் அமைதி அடையவில்லை. அன்று நான் இன்றைய பாடகர்களை அக்காலத்துப் பாடகர்களோடு ஒப்பிட்டுப் பேசினேன். அக்காலத்தில் குரல் இருந்தது, பொருள் இருந்தது, அடக்கம் இருந்தது. இன்றோ இரைச்சலும் ஒப்பனையும் மாத்திரமே மிஞ்சியிருக்கின்றன என்றேன். கொரிய இளைஞர் குழு ஒன்றின் பெயரைச் சொல்லி ஏளனமும் செய்தேன். மூத்தவர்கள் சிரித்தார்கள்; சிலர் தலையசைத்தார்கள். ஆராதனை முடிந்தபின் கைகுலுக்கிப் பாராட்டியவர்களும் உண்டு.

அதற்கு அடுத்த ஞாயிறு முதல், பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் மகள் வரவில்லை. மூன்று வாரங்கள் கழித்து அவள் வீட்டிற்குச் சென்றேன். அவளுடைய தாயார் காப்பி கலக்க உள்ளே போனார். சிறிது நேரம் மௌனமாய் இருந்த அவள், தலைநிமிராமலே சொன்னாள்:

“ஐயா, கொரோனாவுல அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்தப்ப நான் பதினாறு நாள் இந்த வீட்டுல தனியா இருந்தேன். யாரும் வாசல்படி மிதிக்கல. நீங்க ஒருதரம் போன் பண்ணீங்க. ராத்திரியில பயந்து அழுதப்ப எனக்குத் துணையா இருந்தது அந்தப் பையன்களோட பாட்டுதான். அதைக் கேட்டுக்கிட்டேதான் ஜெபம் பண்ணினேன். நீங்க சபை முன்னால அதைச் சொல்லிச் சிரிச்சீங்க.”

நான் அறிந்த மறுமொழிகள் எதுவும் அப்போது எனக்கு உதவவில்லை. ‘நீங்க ஒருதரம் போன் பண்ணீங்க’ என்ற அந்த வாக்கியத்தை அவள் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். ஆகையால் அது இன்னும் ஆழமாய்த் தைத்தது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பதினைந்து வயதில் நடந்த ஒரு காரியம் நினைவுக்கு வந்தது. அப்போது மைக்கேல் ஜாக்சனின் பாடல்கள் எங்கள் ஊர்வரைக்கும் வந்துவிட்டன. 1982இல் வெளியான ‘த்ரில்லர்’ இசைத்தொகுப்பின் கேசட்டை நண்பன் ஒருவனிடம் இரவல் வாங்கி, ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் தகப்பனார் உபாத்தியாயர், சபையின் மூப்பரும்கூட. அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் கேசட்டை எடுத்தார். உள்ளிருந்த நாடாவை விரலால் முழுவதும் உருவித் தரையில் போட்டார். பின்பு தம்முடைய ஜிம் ரீவ்ஸ் கேசட்டை அதே பெட்டியில் வைத்து, “இது பாட்டு” என்றார். நம் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸ் காலத்தில் ஜிம் ரீவ்ஸின் குரல் கேட்காத வீடு அன்று அபூர்வம். 1964இல் விமான விபத்தில் நாற்பது வயதில் மறைந்த அந்த அமெரிக்கப் பாடகர், எங்கள் வீட்டில் ஏறக்குறைய ஒரு பரிசுத்தவானாகவே மதிக்கப்பட்டார்.

ஆனால் திண்ணையில் அமர்ந்திருந்த என் தாத்தாவுக்கோ ஜிம் ரீவ்ஸும் ஆகாது. “கித்தாரைத் தட்டிக்கிட்டு வெள்ளைக்காரன் பாடுறதெல்லாம் பாட்டா? கீர்த்தனைப் புஸ்தகத்தை எடுடா” என்பார். தாத்தா என் தகப்பனாரிடம் சொன்னதை, தகப்பனார் என்னிடம் சொன்னார். நான் அதையே ஒலிபெருக்கியின் முன் நின்று அந்த மகளிடம் சொன்னேன். பெயர்கள் மாத்திரமே மாறியிருந்தன.

என் தகப்பனாருக்கு மிகவும் பிரியமான ஒரு பாடலின் வரலாற்றை நான் பிற்காலத்தில்தான் அறிந்தேன். ஜிம் ரீவ்ஸ் பாடிய ‘டேக் மை ஹேண்ட், பிரஷியஸ் லார்ட்’ என்ற ஜெபப் பாடல் அது. அதை எழுதியவர் தாமஸ் டார்சி என்ற கறுப்பின அமெரிக்கர். பிரசங்கியாரின் மகனாகிய அவர், ‘ஜார்ஜியா டாம்’ என்ற பெயரில் கேளிக்கை விடுதிகளுக்கு ஏற்ற புளூஸ் பாடல்களை இசைத்துப் புகழ்பெற்றவர். 1932 ஆகஸ்டில் அவர் வெளியூரில் இருந்தபோது, மனைவி பிரசவத்தில் இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. பிறந்த ஆண் குழந்தையும் சீக்கிரத்தில் மரித்தது. அந்தத் துக்கத்தில், பியானோவின் முன் அமர்ந்து, பழைய ஞானப்பாட்டு மெட்டு ஒன்றைத் தழுவி அவர் உருவாக்கியதே அப்பாடல். அவர் கொண்டுவந்த புதிய இசையைச் சபைகள் பல முதலில் ஏற்கவில்லை. மதுக்கடையின் தாளத்தை ஆலயத்திற்குள் கொண்டுவருகிறான் என்று பழித்தன.

அந்தப் பாடல் போன வழியைப் பாருங்கள். 1957இல் எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாடினார். அதற்கு முந்தின ஆண்டுதான் போதகர்கள் பலர் அவரைப் பிரசங்கபீடத்திலிருந்து கண்டித்திருந்தார்கள். 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கின் அடக்கத்தன்று மஹாலியா ஜாக்சன் அதைப் பாடினார். 1972இல் அந்த மஹாலியாவின் அடக்க ஆராதனையில், போதகர் ஒருவரின் மகளாகிய அரீத்தா பிராங்கிளின் அதைப் பாடினார். 2015இல் கிராமி விருது மேடையில் பியான்சே அதைப் பாடினார். இதில் யாரை அக்காலத்தவர் என்றும், யாரை இக்காலத்தவர் என்றும் பிரித்து நிறுத்துவோம்? ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் புதியவர். ஒவ்வொருவரையும் குறித்து ஒரு மூத்தவர் முகம் சுளித்திருப்பார்.

அப்படியானால் எல்லாப் பாட்டும் ஒன்றுதானா, பகுத்தறிய வேண்டாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். வேண்டும். அந்த மகளிடமும் இதைச் சொன்னேன். நான் வைத்திருந்த கேசட்டில் ஒரு பக்கம் முடிந்தால் அது நின்றுவிடும். எழுந்துபோய்த் திருப்பிப் போட வேண்டும். அந்த இடைவெளியில் தாய் கூப்பிடும் சத்தம் காதில் விழும். இன்றைய கைப்பேசியில் ஒரு பாட்டு முடியுமுன்னே அடுத்தது காத்திருக்கிறது; நிறுத்த வேண்டியது நாமேதான். மேலும், பாட்டு நம் துக்கத்தை அறிந்ததுபோல் பேசினாலும், பாடுகிறவருக்கு நம் பெயர் தெரியாது. நம்மைப் பெயர் சொல்லி அழைக்கிறவர் ஒருவர் உண்டு. பாட்டு அவரிடத்தில் நம்மைக் கொண்டுபோய் விடலாம், அவருடைய இடத்தில் அமரக் கூடாது.

இந்த எச்சரிப்பு பழைய பாடகர்களுக்கும் பொருந்தும். எல்விஸ் நாற்பத்திரண்டு வயதிலும் மைக்கேல் ஜாக்சன் ஐம்பது வயதிலும் மரித்தார்கள். மனிதரைத் தேவர்களாக்கி உயர்த்தும் கூட்டத்தின் பாரத்தை எந்த மனிதன் சுமக்க முடியும்? அப்போஸ்தலர் 14ஆம் அதிகாரத்தில், பவுலுக்குப் பலியிட மாலைகளோடு வந்த லீஸ்திரா ஊரார், பிறர் தூண்டிவிட்டவுடன் அவரையே கல்லெறிந்தார்கள். ஆகையால் இன்றைய பாடகர்களுக்காக நாம் ஜெபிக்கவும் கடமைப்பட்டிருக்கிறோம். நான் ஏளனம் செய்தேனேயன்றி, ஒருநாளும் அவர்களுக்காக ஜெபித்ததில்லை.

முந்தின நாட்கள் இந்நாட்களைவிட நல்லவையாய் இருந்தது ஏன் என்று கேட்பது ஞானத்தின் கேள்வி அல்ல என்கிறார் பிரசங்கி (7:10). எஸ்றாவின் புஸ்தகம் 3ஆம் அதிகாரத்தில் அதற்கு ஒரு காட்சி உண்டு. புதிய ஆலயத்தின் அஸ்திபாரம் போடப்படுகிறது. பழைய ஆலயத்தைக் கண்ட முதியோர் அழுகிறார்கள். மற்றவர்கள் மகிழ்ந்து ஆர்ப்பரிக்கிறார்கள். ஜனங்களால் அழுகையையும் ஆர்ப்பரிப்பையும் பிரித்தறிய முடியவில்லை. முதியோரின் கண்ணீரை வேதம் கண்டிக்கவில்லை. ஆனால் அந்த முதியோர் இளையோரின் வாயை அடைக்கவும் இல்லை. இரண்டு சத்தங்களும் ஒன்றாகவே மேலே போயின.

சபை முன்பாகச் சிரித்ததற்குச் சபை முன்பாகவே மன்னிப்புக் கேட்பதுதான் நியாயம் என்று எண்ணி, ஒரு ஞாயிறு அப்படியே செய்தேன். அன்று யாரும் என் கையைக் குலுக்கவில்லை. அந்த மகள் இப்போது ஆராதனைக்கு வருகிறாள். கடைசி வரிசையில் அமருகிறாள். கீபோர்டு இன்னும் உறைபோட்டபடியே இருக்கிறது. நான் அவசரப்படுத்தவில்லை.

அன்பானவர்களே, இந்த வாரம் ஒரு காரியம் செய்வீர்களா? உங்கள் வீட்டுப் பிள்ளையை அருகில் அழைத்து, “உனக்குப் பிடித்த ஒரு பாட்டைப் போடு” என்று கேளுங்கள். அது முடியும்வரை ஒன்றும் பேசாதிருங்கள். முடிந்தபின், “இது உனக்கு ஏன் பிடிக்கும்?” என்று கேளுங்கள். நீங்கள் தொலைபேசியில் அழைக்காமல் விட்ட ஓர் இரவைக் குறித்து அப்போது நீங்கள் அறிந்துகொள்ளக்கூடும்.

ஜெபம்: ஆண்டவரே, நாங்கள் அற்பமாய் எண்ணிய குரல்களைக் கொண்டும் எங்கள் பிள்ளைகளை இராக்காலத்தில் காத்தீர், உமக்கு ஸ்தோத்திரம். நாங்கள் பேசுமுன்னே கேட்கிறவர்களாயிருக்கக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.